கேன் தண்ணீரும் கல்லில் முளைத்த பச்சை முடியும்

கேள்வி: இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்து நான்கு மாதம் ஆகிறது. இரண்டு க்ளவுன் மீன்கள், கொஞ்சம் கல், மணல். முதல் மாதம் பழுப்பாக ஏதோ படர்ந்து தானே போய்விட்டது. இப்போது கல் முழுக்கப் பச்சை முடி. மணல்மேல் சிவப்பாக ஜவ்வு மாதிரி படிகிறது. டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் பூஜ்யம்தான். வற்றும் தண்ணீருக்குக் கேன் தண்ணீர் ஊற்றுகிறேன். கடையில் சொல்லும் பாசி மருந்தைப் போடலாமா? ராமேஸ்வரத்திலிருந்து ‘உயிர்க்கல்’ கொண்டுவருகிறேன் என்கிறார் நண்பர். அதைப் போட்டால் தண்ணீர் சுத்தமாகுமா?

– வாசகர், திருவான்மியூர்

பதில்: மருந்து வேண்டாம். கல் வேண்டவே வேண்டாம்.

உங்களை ஏமாற்றுவது அந்தப் பூஜ்யம். பந்தி முடிந்தபின் பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் சமைக்கவே இல்லை என்று சொல்லலாமா? பாசி தின்றது போக மிஞ்சியதைத்தான் கிட் காட்டும். கல்லில் இத்தனை முடி இருக்கிறது என்றால், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தினமும் வந்துகொண்டிருக்கின்றன.

எந்த வழியாக? எனக்கு முதல் சந்தேகம் கேன் மீதுதான். உங்கள் தொட்டியின் கொள்ளளவு 56 லிட்டர். கல்லும் மணலும் போக 45 லிட்டர் தேறும். நாளுக்கு ஒரு லிட்டர் வற்றுவதாக வைத்துக்கொள்வோம். வற்றும்போது தண்ணீர் மட்டும்தான் போகிறது. அதில் கரைந்திருந்தது அங்கேயே தங்கிவிடும். கேன் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் அளவு) லிட்டருக்கு 60 மில்லிகிராம் என்றால், நான்கு மாதத்தில் 7 கிராமுக்கு மேல் ஏதேதோ சேர்ந்திருக்கும். அதில் எவ்வளவு பாஸ்பேட், எவ்வளவு சிலிக்கேட் என்று டிடிஎஸ் மீட்டர் சொல்லாது. (முதல் மாதப் பழுப்பு டயாட்டம். தொட்டியில் முதலில் இருந்த சிலிக்கேட் குறைந்ததும் அதுவும் அடங்கியிருக்கலாம்.) வீட்டு ஆர்.ஓ.வும் அப்படியே உதவாது. சுவைக்காக அதில் ஆர்.ஓ. ஆகாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று பல மாடல்களில் இருக்கிறது. ஆர்.ஓ.வுக்குப் பின்னால் ஒரு டி.ஐ. (அயனி நீக்கும்) ரெசின் குப்பி மாட்டுங்கள். மீட்டர் 0 காட்டும் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். கண்ணாடியில் டேப் ஒட்டி, தினமும் அந்தக் கோடு வரை.

வற்றியதற்கு உப்புத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பது, யாரும் சொல்லாமலே நீங்கள் செய்யும் நல்ல காரியம். என் முதல் தொட்டியில் ஒரு மாதம் நான் அதைத்தான் செய்தேன். உப்பு ஏறி ஏறி, வைத்திருந்த நத்தைகள் ஒவ்வொன்றாக மல்லாந்தன. அதற்கப்புறம்தான் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கும் புத்தி வந்தது.

சிவப்பு ஜவ்வு பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. ஒரு ஓரத்தைக் கிள்ளித் தூக்கினால் அப்பளம் போலப் படலமாக எழும்பும். அடியில் சின்னச் சின்னக் குமிழிகள் இருக்கும். இதில் சில வகைகள் காற்றிலிருந்து கரைந்த நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும். நைட்ரேட் அற்றுப் போய், பாஸ்பேட் மட்டும் இருக்கும் தொட்டி அவற்றுக்குக் கொண்டாட்டம். நீரோட்டம் சேராத மூலையில்தான் பெரும்பாலும் படியும். மோட்டாரை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். மெல்லிய டியூபால் உறிஞ்சி எடுங்கள்.

கடையில் விற்கும் சிவப்பு ஜவ்வு மருந்துகள் சிலவற்றில் எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கிறது. நமக்கு வேண்டிய பாக்டீரியாவுக்கும் அது ஆபத்து. செத்த ஜவ்வு மொத்தமாக அழுகினால் ஆக்சிஜன் குறையும். சென்னைக் கோடையில் 30 டிகிரியைத் தாண்டிய தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே கம்மி. விடியற்காலையில் மீன் மேல்மட்டத்தில் வாயைப் பிளக்கும்.

முடியைக் கையாலேயே பிடுங்குங்கள். கல்லைத் தொட்டிக்குள் தேய்க்காதீர்கள். மாற்றுவதற்கு எடுத்த பழைய தண்ணீரை வாளியில் ஊற்றி, அதில் பல்துலக்கும் பிரஷால் தேய்த்துவிட்டு அந்த வாளியைக் கொட்டிவிடுங்கள். ஒரே நாளில் எல்லாக் கல்லையும் வேண்டாம், வாரம் இரண்டு போதும். வாரம் 5 லிட்டர் மாற்றுங்கள். கடல்நீர்த் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு, லிட்டருக்குச் சுமார் 35 கிராம், மோட்டார் போட்டு ஒருநாள் சுழலவிட்டபின். சமையல் உப்பில் மக்னீசியமும் கால்சியமும் போதிய அளவு கிடையாது. நடந்தால் கடற்கரைதானே, அங்கேயே மொண்டுவரலாமே என்று தோன்றும். கரையோரத் தண்ணீரில் ஊரின் சாக்கடையும் கலந்திருக்கிறது. ஐப்பசி மழையில் உப்பும் நீர்த்துப்போகும்.

தீனி ஒருவேளை, ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. உறைந்த இறால் போட்டால் உருகிய நீரை வடிகட்டிக் கொட்டுங்கள். அதிலும் பாஸ்பேட் இருக்கிறது. விளக்கு ஏழு மணி நேரம், டைமர் வைத்து. ஜன்னல் வெயில் படுகிறதா என்றும் பாருங்கள்.

நண்பரிடம் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். உயிர்க்கல் என்பது பவளப்பாறைத் துண்டுதான். பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ராமேஸ்வரத்தை ஒட்டிய மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-லேயே கடல்சார் தேசியப் பூங்காவாகிவிட்டன. அங்கே கல் பெயர்ப்பவரோடு வீட்டில் வைத்திருப்பவரும் மாட்டுவார். மேலும், கடலிலிருந்து வரும் கல்லில் ஒட்டியிருப்பது வழியிலேயே பாதி செத்துவிடும். சுத்தம் செய்வதற்குப் பதில் அதுவே அழுகி அம்மோனியா விடும்.

இரண்டு மாதம் பொறுங்கள். பச்சை குறையக் குறைய கிட்டில் நைட்ரேட் 5 என்று ஏறலாம். ஐயையோ என்று அப்போது எனக்கு இன்னொரு கடிதம் எழுதிவிடாதீர்கள். தின்ன ஆளில்லாமல் மிஞ்சுகிறது, அவ்வளவுதான்.