புதிய கணினியில் பழைய தமிழ்

பினாங்கில் கொம்தார் கோபுரத்தின் அருகே தொடங்கி ஆயர் ஈத்தாம் பக்கமாக நீள்கிறது டத்தோ கிராமாட் சாலை. அந்தச் சாலையோரத்தில், திருமண அழைப்பிதழ்களும் கோயில் திருவிழா அறிக்கைகளும் அச்சிடும் சிறிய அச்சகம் ஒன்று இருப்பதாக எண்ணிப் பாருங்கள். அதன் உரிமையாளர் அறுபது வயதைத் தாண்டியவர். அவருடைய கணினியும் பழையதுதான். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11 உள்ள புதிய கணினியை அவர் வாங்குகிறார். இருபத்தைந்து ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த கோப்புகளை அதில் ஏற்றி, ஒன்றைத் திறக்கிறார். மணமக்களின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கொக்கிகளும் கலந்து கிடக்கின்றன.

“ஏம்மா, பைலெல்லாம் கெட்டுப்போச்சா?” என்று உதவிக்கு வந்த அண்ணன் மகளிடம் பதற்றத்துடன் கேட்கிறார்.

“கெடல சித்தப்பா. எல்லாம் உள்ளேதான் இருக்கு. அதை எப்படிப் படிக்கிறதுன்னுதான் இந்தக் கணினிக்குத் தெரியல” என்கிறாள் அவள்.

அவள் சொன்னது சரிதான். கணினி எழுத்துகளை எண்களாகவே சேமிக்கிறது. இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்று முன்கூட்டியே செய்துகொண்ட உடன்பாட்டின்படிதான் திரையில் எழுத்து தோன்றுகிறது. அந்தக் காலத்தில் பெரும்பாலான மென்பொருள்கள் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் இடத்தையே ஒதுக்கின. ஒரு பைட்டில் அடங்குபவை 256 எண்கள். அவற்றுள் முதல் 128 ஆங்கிலத்துக்கும் அதன் குறிகளுக்கும் போய்விட்டன. எஞ்சியதோ 128, தமிழ் எழுத்துகளோ 247! எல்லா எழுத்துக்கும் இடம் போதாததால், கொம்பு, துணைக்கால் போன்ற வடிவங்களைத் துண்டு துண்டாக வைத்து ஒட்டினார்கள். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தினார்கள். எந்த எண்ணில் எந்தத் துண்டு என்பதை ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் தன் விருப்பம்போல் முடிவு செய்தது. ஆகவே, ஒருவர் தட்டச்சு செய்ததை மற்றவர் படிக்க வேண்டுமென்றால் அதே எழுத்துரு அவரிடமும் இருக்க வேண்டும். அச்சக உரிமையாளரின் புதிய கணினியில் அது இல்லை.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பலர் முயன்றனர். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் இரண்டு குறியீட்டு முறைகளும் வந்தன. ஒன்றுக்கு இரண்டு முறைகள் வந்தால் குழப்பம் எப்படித் தீரும்? நிலையான தீர்வு யூனிகோடு எனப்படும் ஒருங்குறியில் இருந்தது. 1991இல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனிப்பகுதி ஒதுக்கப்பட்டுவிட்டது. அதன்படி ‘க’ என்றால் 2965. ஈப்போவிலும் யாழ்ப்பாணத்திலும் டொரொண்டோவிலும் அதே எண்தான். ஆனால், இயங்குதளம் அதைப் புரிந்துகொள்ளாதவரை ஒருங்குறி ஏட்டளவிலேயே இருந்தது. விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டு, லதா என்னும் எழுத்துருவையும் உடன் கொண்டுவந்தபோதுதான் நிலைமை மாறியது.

அப்போது தமிழ் மென்பொருள்களைப் புதுப்பிப்பது எளிய வேலையாக இருக்கவில்லை. ‘கொடி’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறையில் முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், பிறகு துணைக்கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எண்கள் சேமிக்கப்பட்டன. ஒருங்குறியிலோ முதலில் ககரம், பின்னர் ஒகரக் குறி. அதாவது நாம் ஒலிக்கும் வரிசை. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் பிரித்து வைக்கும் வேலையை இயங்குதளம் பார்த்துக்கொள்ளும். இதனால் கிடைத்த பயன் பெரிது. பழைய முறையில் பெயர்களை அகர வரிசைப்படுத்தினால் சேகரும் தேவியும் கோமதியும் கொம்பின்கீழ் ஒன்றாகக் கூடிவிடுவார்கள். கமலா தனியே வேறெங்கோ நிற்பாள். இப்போது கோமதி ககரத்துக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் இதற்காக, முன்பு எழுத்துகளைத் தாமே ஒட்டிக்கொண்டிருந்த மென்பொருள்கள் அந்த வேலையை விட்டுவிட்டு, இயங்குதளத்தோடு பேசுவதற்குப் புதிதாக எழுதப்பட வேண்டியிருந்தது.

அவ்வாறு மீண்டும் மீண்டும் எழுதப்பட்ட மென்பொருள்களுள் ஒன்று நம் நாட்டைச் சேர்ந்தது. மலேசியரான முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு முரசு மென்பொருளை உருவாக்கினார். டாஸ் காலத்தில் பிறந்த அது பின்னர் முரசு அஞ்சல் என்னும் பெயரில் விண்டோசுக்கும் மெக்கிண்டாஷுக்கும் வந்தது, ஒருங்குறிக்கும் மாறியது. 2005இல் வெளிவந்த மேக் ஓஎஸ் 10.4இல் அவருடைய இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைமுகமும் இயங்குதளத்தின் உள்ளேயே இடம்பெற்றன. 2013இல் ஐபோனின் ஐஓஎஸ் 7இலும் தமிழ் விசைமுகங்கள் சேர்க்கப்பட்டன. ஒரு காலத்தில் தனியே வாங்கி நிறுவ வேண்டியிருந்த தமிழ், கணினி வாங்கும்போதே அதனுடன் வரத் தொடங்கியது. இருந்தாலும் புதுப்பிக்கும் வேலை ஓயவில்லை. விண்டோஸ் 3.1 காலத்து 16-பிட் நிரல்கள் இன்றைய 64-பிட் விண்டோசில் இயங்கா. மேக் இயங்குதளமும் 2019இல் 32-பிட் நிரல்களைக் கைவிட்டது.

டத்தோ கிராமாட் அச்சகத்துக்குத் திரும்புவோம். அண்ணன் மகள் பழைய கணினியிலிருந்து எழுத்துருவை எடுத்துப் புதிய கணினியில் நிறுவுகிறாள். திரையில் தமிழ் தெரிகிறது. சித்தப்பாவின் முகம் மலர்கிறது. ஆனால், உள்ளே இருப்பவை இன்னும் பழைய எண்களே. எனவே, எழுத்துரு மாற்றியைக் கொண்டு ஒரு கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுகிறாள். அங்கே புதிய சிக்கல் எழுகிறது. எப்போதோ அவசரத்தில் துணைக்காலுக்குப் பதில் ரகரத்தைத் தட்டியிருக்கிறார்கள். தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்ததால் யாரும் கவனிக்கவில்லை. இப்போது ‘கொடி’ ‘கெரடி’ ஆகிவிட்டது! பக்கம் அமைக்க அவர் பயன்படுத்திய பேஜ்மேக்கரும் 7.0 பதிப்போடு நின்றுபோன மென்பொருள். ஒருங்குறித் தமிழை அது அறியாது. எழுத்தை மாற்றினால் அழைப்பிதழின் பக்கத்தையும் புதிதாக அமைக்க வேண்டும்.

“எல்லாத்தையும் மாத்த எத்தனை நாளாகும்?”

“நாளா? மாசக் கணக்காகும் சித்தப்பா. எது முக்கியம்னு நீங்கதான் சொல்லணும்.”

அவர் சற்று நேரம் கோப்புப் பட்டியலைப் பார்க்கிறார். கோயிலின் உறுப்பினர் பெயர்ப் பட்டியலையும், ஆண்டுதோறும் மறுபடி அச்சிடும் திருவிழா அறிக்கையையும் முதலில் மாற்றச் சொல்கிறார். அழைப்பிதழ்கள் இப்போதைக்கு இருக்கட்டும் என்கிறார். பழைய கணினியின் இணைய இணைப்பைத் துண்டித்து, அதைக் கடையின் பின்னறையில் ஒரு மேசைமீது வைக்கிறார்கள். யாராவது தம் திருமண அழைப்பிதழைக் கேட்டு வந்தால் திறந்து காட்ட அது வேண்டுமல்லவா?