குழாய்களும் மஞ்சள் காமாலையும்

மஞ்சள் காமாலையுடன் ஒருவர் வந்தால், அவர் என்ன உண்டார் என்பதற்கு முன், அவர் வீட்டுக்குக் குடிநீர் எவ்வழியாக வருகிறது என்றே நான் கேட்பதுண்டு. உடன் வந்தவர்கள் வியப்படைவர். ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ என்னும் இரு வைரஸ்களும் நோயாளியின் மலத்தில் வெளியேறி, குடிநீரில் கலந்து, பிறர் உடலில் புகுபவை. ஆதலால் குழாய்களைப் பற்றிச் சிறிது அறிந்திருப்பது நலம்.

கழிவுநீர்க் குழாயை முதலில் காண்போம். பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலத்தில் இதனை விளக்குவது எளிது. களிமண் குழாயைச் சூளையில் ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடும்போது உப்பை இட்டால், அதன் ஆவி மண்ணிலுள்ள சிலிக்காவுடன் சேர்ந்து கண்ணாடி போன்ற பூச்சாகப் படியும். இதுவே ஸ்டோன்வேர் குழாய். சாக்கடை வாயுவிலிருந்து உண்டாகும் கந்தக அமிலம் சிமெண்டையும் இரும்பையும் அரிக்கும், இதனை அரிக்காது. 1846-இல் லண்டனில் ஹென்றி டூல்டன் இத்தகைய குழாய்களைச் செய்யத் தொடங்கினார். காலரா அந்நகரை வாட்டிய காலம் அது. ஆனால் இதன் குறை இணைப்புகளில் உள்ளது. ஒரு குழாயின் நீளம் 60 செ.மீ. எனக் கொண்டால், நூறு மீட்டர் தெருவில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட இணைப்புகள் வரும். மர வேர் நுழைவதும் கழிவு கசிவதும் அங்கேதான்.

குடிநீருக்கு ஜி.ஐ. குழாயும் பி.வி.சி. குழாயும் பயன்படுகின்றன. முன்னது காலப்போக்கில் துருப்பிடித்துத் துளைபடும். பின்னது துருப்பிடிக்காது, ஆயினும் பசையிட்ட இணைப்பு விலகக்கூடும். குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் குழாயிலிருந்து மூன்று மீட்டர் விலகியிருத்தல் வேண்டும் என்பது பொறியியல் நெறி. குறுகிய தெருக்களில் அதற்கு இடமேது? வீட்டு இணைப்புக் குழாய் வாசல் சாக்கடைக்குள் மூழ்கிச் செல்வதை நாம் அன்றாடம் காண்கிறோம்.

நீர் அழுத்தத்துடன் ஓடும்வரை துளை வழியே நீர் வெளியேறுமே தவிர, எதுவும் உள்ளே வராது. நீர் நின்றபின் குழாய் வெறுமையாகிச் சுற்றியுள்ள சாக்கடை நீரை உறிஞ்சுகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி இழுப்போர் இவ்வுறிஞ்சலை மேலும் வலுவாக்குகின்றனர். அண்டை வீட்டாருக்கும் சேர்த்தே தீங்கு செய்கின்றனர். நீர் விட்டவுடன் முதலில் வருவதைப் பிடிக்காதீர்கள். தெளிந்து வரும்வரை காத்திருங்கள்.

தெளிந்த நீரும் தூய நீர் என்று கொள்ள இயலாது. 1955-56-இல் டெல்லியில் கழிவுநீர் கலந்த யமுனை நீர் குளோரின் இட்டே வழங்கப்பட்டது. டைபாய்டு பெருகவில்லை, ஆயினும் 29,000-க்கும் மேற்பட்டோர் மஞ்சள் காமாலையுற்றனர். அது ஹெபடைடிஸ் இ என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னரே புலப்பட்டது. எனவே குடிநீரை நன்கு கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடமேனும் வைத்து, ஆறியபின் மூடிய பாத்திரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீய நீரைப் பருகியபின் நோய் தோன்ற இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை ஆகலாம். "நேற்றுவரை நல்ல தண்ணீர்தான் வந்தது, டாக்டர்" என்பவர்களிடம் சென்ற மாதத்தை நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். பெரும்பாலோர் ஓய்விலும் உணவிலும் தாமாகவே குணமடைவர். மதுவும், எம்மைக் கேளாமல் உண்ணும் மாத்திரைகளும் கூடா. கருவுற்ற பெண்களின் நிலை வேறு. கடைசி மூன்று மாதங்களில் ஹெபடைடிஸ் இ உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்குக் கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி கொடுத்துப் பார்ப்போம் என்று ஒரு நாளும் காத்திராமல், அன்றே அழைத்து வாருங்கள்.