கையில் ஒரு குவளை: தீபாவளிக்கு மூன்று பானங்கள்

இந்த மாதப் பாடம் சமையலறையில் நடக்கிறது. ஆனால் எனக்கு இது தொடங்கிய இடம் சமையலறை இல்லை, கிராஞ்சியில் ஒரு திடல்.

இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நம் குழுவோடு கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கி, அங்குள்ள ஊழியர் தங்கும் விடுதி ஒன்றுக்குப் போயிருந்தேன். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை எல்லாம் கொண்டு போனோம். மாலையில் விடுதிக்குப் பக்கத்துத் திடலில் அண்ணன்மார் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாட்டும் சிரிப்புமாக இருந்தது. பலர் கையில் பீர் டின். புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவர் மட்டும் வெறுங்கையோடு ஓரமாக நின்றார். சும்மா நிற்கிறாரே என்று பையிலிருந்து ஒரு பேக்கெட் பானத்தை எடுத்து, ஸ்ட்ராவையும் குத்திக் கொடுத்தேன். வட்டத்திலிருந்து ஒருவர், "பாப்பாவுக்குப் பால் வந்துருச்சுடா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். பத்து நிமிஷத்தில் அறைக்குப் போய்விட்டார்.

புறப்படும்போது அவரைத் தேடிப் போய்ப் பேசினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, நான் குடியை விட்டு அஞ்சு மாசம் ஆச்சு. ஊர்ல கடன் இருக்கு, பொண்ணு பத்தாவது படிக்குது. குடிக்காம இருக்கறது கஷ்டமில்ல. கூட்டத்துல கையில ஒண்ணும் இல்லாம நிக்கறதுதான் கஷ்டம். நீங்க குடுத்தது நல்ல மனசுதான். ஆனா அது சின்னப் பிள்ளைக்குக் குடுக்கறது."

திரும்பி வரும்போது ரயிலில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். குடிக்காதே என்று சொல்ல நமக்குத் தெரியும். திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 93-ஆவது. பள்ளியிலும் படித்தோம். ஆனால் குடிக்காமல் இருப்பவர் கையில் மரியாதையாக எதைக் கொடுப்பது? அதை நாம் யோசித்ததே இல்லை.

நம் மரபு என்ன கொடுத்தது?

யோசித்துப் பார்த்தால், தாகத்துக்குக் கொடுப்பது நம் சமயத்தில் பெரிய தொண்டு. பெரியபுராணத்தில் அப்பூதி அடிகள் கதை தெரியும்தானே? திங்களூரில் அவர் தண்ணீர்ப் பந்தல் வைத்து, அதற்குத் திருநாவுக்கரசர் பெயரைச் சூட்டினார். அப்போது அவர் அப்பரை நேரில் பார்த்தது கூட இல்லை. அந்த வழியாக வந்த அப்பர், தன் பெயரைப் பந்தலில் கண்டு விசாரித்துக்கொண்டு அடிகள் வீட்டுக்குப் போனார். இரண்டு நாயன்மார்களைச் சேர்த்து வைத்தது ஒரு குவளைத் தண்ணீர்.

ராமநவமிக்குப் பானகமும் நீர்மோரும் கொடுக்கிறோம். ஆந்திராவில் மங்களகிரி நரசிம்மருக்குப் பானகமே நைவேத்தியம். இங்கே சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை காவடி நடந்து போகும் வழியில் தண்ணீர்ப் பந்தல்களைப் பார்த்திருப்பீர்கள். ஆக, பானம் கொடுப்பது நமக்குப் புதிதில்லை. வீட்டுக் கொண்டாட்டத்தில்தான் அதை மறந்துவிட்டோம்.

ஒரே மரம், மூன்று வழி

தென்னை, பனை இரண்டின் பாளையையும் சீவினால் இனிப்பான சாறு வடியும். அதைச் சும்மா விட்டால் காற்றிலும் பானையிலும் இருக்கும் ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே அதைப் புளிக்க வைத்துவிடும். அது கள். பானையின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கினால் புளிப்பது தடைபடும். அது பதநீர். காய்ச்சி இறுக்கினால் பனையிலிருந்து கருப்பட்டி, தென்னையிலிருந்து நம் ஈரச்சந்தையில் உருளை உருளையாக விற்கும் குலா மலாக்கா. சாறு ஒன்றுதான். அதை நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த மண்ணில் நம் முன்னோர் வாழ்க்கையில் அந்த முதல் வழி நிறைய விளையாடியிருக்கிறது. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. காலையில் உழைத்துச் சம்பாதித்தது மாலையில் அங்கேயே போகும். போருக்குப் பிறகு, 1946, 1947-இல், கெடா மாநிலத் தோட்டங்களில் தமிழ் இளைஞர்கள் 'தொண்டர் படை' அமைத்தார்கள். ஏ.எம். சாமி அதன் தலைவர். கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். போலீசோடு மோதல் வந்தது, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அவர்களும் நம் வயசுக்காரர்கள்தான்.

நம் காலத்துக்கு வருவோம். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரத்தை வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஓர் இந்திய ஊழியர் பேருந்தில் அடிபட்டு இறந்ததில் தொடங்கியது அது. விசாரணைக் குழு, மதுவும் அதற்கு ஒரு காரணம் என்றது. 2015 ஏப்ரல் 1 முதல் இரவு 10.30 தொடங்கிக் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தத் தடை. லிட்டில் இந்தியாவில் வார இறுதிகளிலும் பொது விடுமுறைகளிலும் விதி இன்னும் கடுமை. சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும். ஆனால் அதன் பிறகு, வேலைக்கு வந்த அண்ணன்மார் எல்லோரையும் 'குடிக்கிறவங்க' என்று ஒரே பார்வையில் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புதுக்கோட்டை அண்ணனுக்கு இரண்டு பக்கமும் இடி. வெளியே இருப்பவர்கள் அவர் குடிப்பார் என்று நினைக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் ஏன் குடிக்கவில்லை என்று கேட்கிறார்கள்.

பெரியவர்களின் பானம் எப்படி இருக்கும்?

அடுத்த சில மாதம் வீட்டில் சோதனை செய்தேன். அம்மாவின் மிக்ஸி ஒரு முறை கோபித்துக்கொண்டது. கடைசியில் நாலு விஷயம் புரிந்தது.

முதலாவது, இனிப்பைக் குறைக்கணும். தித்திப்பான பானம் இரண்டே மடக்கில் முடிந்துவிடும், சின்னப் பிள்ளை நினைப்பும் வரும். கடைப் பானங்களில் 2022 டிசம்பர் இறுதி முதல் நியூட்ரி கிரேட் எழுத்து இருக்கிறதே, அதில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை போனால் 'சி', 10 கிராமைத் தாண்டினால் 'டி'. நம் அளவுகோலும் அதுதான்: 100 மில்லிக்கு 5 கிராமுக்குள்.

இரண்டாவது, காரம் அல்லது துவர்ப்பு வேண்டும். இஞ்சி, சுக்கு, மிளகு, நெல்லிக்காய் இவற்றில் ஒன்றாவது இருந்தால் தொண்டையில் ஒரு சூடு நிற்கும். அப்போதுதான் மெதுவாக, மடக்கு மடக்காகக் குடிப்போம். கூட்டத்தில் நின்று பேசுவதற்கு அதுதான் தேவை.

மூன்றாவது, வாசனை. துளசி, புதினா, பாண்டான், எலுமிச்சைப் புல் எதுவானாலும் உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டு தட்டிப் போடணும். சுவையில் பாதி மூக்கில்தான் இருக்கிறது.

நாலாவது, நல்ல குவளை. கண்ணாடி இருந்தால் கண்ணாடி, இல்லாவிட்டால் எவர்சில்வர் தம்ளர். ஐஸ் பெரிய கட்டியாக இருந்தால் மெதுவாகக் கரையும், பானம் நீர்த்துப் போகாது.

இப்போ செய்முறை (தலா பத்துக் குவளை)

*1. குலா மலாக்கா பானகம்.* குலா மலாக்கா 90 கிராம் எடுத்து, ஒரு குவளை வெந்நீரில் கரைத்து வடிகட்டுங்க. பன்னிரண்டு கலமான்சியைப் பிழிந்து விதை எடுத்துச் சேருங்க. சுக்குத்தூள் ஒரு தேக்கரண்டி, ஏலக்காய்த்தூள் அரைத் தேக்கரண்டி, தட்டிய மிளகு நாலைந்து, உப்பு ஒரு சிட்டிகை. குளிர்ந்த நீரும் சோடாவும் பாதிப் பாதியாக விட்டு மொத்தம் 2 லிட்டர் ஆக்குங்க. சோடாவைக் கடைசியில்தான் ஊற்றணும், இல்லாவிட்டால் நுரை போய்விடும். மேலே துளசி. கணக்குப் பாருங்க: 2 லிட்டருக்கு 90 கிராம் என்றால் 100 மில்லிக்கு 4.5 கிராம். வெல்லமும் சர்க்கரைதான் என்பதால் நீரிழிவு உள்ளவர்களிடம் சொல்லிவிட்டுக் கொடுங்க. கோயிலுக்கு நைவேத்தியமாகச் செய்தால் சோடா வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

*2. சங்குப்பூ இரட்டை நிறம்.* சிவனுக்குச் சாத்தும் அதே நீலச் சங்குப்பூதான். மலாய்க்காரர்களும் பெரனாக்கான் வீடுகளும் சோற்றுக்கும் பலகாரத்துக்கும் நிறம் கொடுக்க இதைப் பயன்படுத்துவார்கள். ஒன்றரை லிட்டர் கொதிநீரில் உலர்ந்த பூ ஒரு கைப்பிடி, தட்டிய எலுமிச்சைப் புல் மூன்று தண்டு, முடிச்சுப் போட்ட பாண்டான் இலை இரண்டு போட்டுப் பத்து நிமிஷம் மூடி வையுங்க. வடிகட்டி ஃப்ரிட்ஜில் ஆற விடுங்க. தனியாக 80 கிராம் சர்க்கரையை 100 மில்லி வெந்நீரில் கரைத்து ஆற வைத்து, 150 மில்லி கலமான்சிச் சாற்றைக் கலந்துகொள்ளுங்க. குவளையின் அடியில் இந்தப் பாகு இரண்டு மேசைக்கரண்டி, அதன் மேல் நிறைய ஐஸ். நீல நீரைக் கரண்டியின் பின்பக்கம் வழியாக மெதுவாக ஊற்றுங்க. சர்க்கரைப் பாகு கனம், அதனால் கீழேயே நிற்கும். கீழே ஊதா, மேலே நீலம். கலக்கினால் முழுக்க ஊதா. பூவில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறப்பொருள் புளிப்பு பட்டால் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான். விருந்தினர் கண் முன்னால் அவர்களையே கலக்கச் சொல்லுங்க!

*3. அன்னாசித் தோல் கஷாயம்.* பெயரைக் கேட்டு ஓடாதீங்க. ஒரு அன்னாசியைப் பிரஷால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, தோலையும் நடுத்தண்டையும் எடுங்க. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் பட்டை ஒன்று, கிராம்பு நாலு, நட்சத்திரச் சோம்பு ஒன்று, தட்டிய இஞ்சி ஒரு கட்டைவிரல் அளவு சேர்த்து 25 நிமிஷம் கொதிக்க விட்டு வடிகட்டுங்க. ஆறியதும் பாதிப் பழத்தை அரைத்துப் பிழிந்து சேருங்க. சர்க்கரை வேண்டாம், பழத்திலேயே போதுமான இனிப்பு இருக்கிறது. குவளைக்கு ஒரு அசாம் போய் போட்டு, மூன்றில் ஒரு பங்கு சோடா விடுங்க. அசாம் போயிலேயே உப்பு உண்டு. இன்னொன்று: பச்சை அன்னாசிச் சாற்றைத் தயிரிலோ பாலிலோ கலக்காதீங்க. அதில் உள்ள நொதி பால் புரதத்தை உடைத்துக் கசக்க வைக்கும். எனக்கு ஒரு ஜக் மோர் அப்படித்தான் போனது.

ஒரு எச்சரிக்கை

கள்ளின் பாடம் இங்கேயும் உண்டு. இனிப்பும் பழமும் சேர்ந்த எதையும் வெளியே வைத்தால், அதுவும் நம் ஊர்ச் சூட்டில், புளிக்க ஆரம்பிக்கும். இறுக்கி மூடிய பாட்டிலில் வாயு சேர்ந்து வெடிக்கவும் கூடும். அன்று செய்ததை ஃப்ரிட்ஜில் வைத்து அன்றே முடிச்சிடுங்க. கடையில் 'ஆல்கஹால் இல்லாதது' என்று வாங்கும் பீரிலும் கொம்புச்சாவிலும் சிறிதளவு ஆல்கஹால் இருக்கலாம். லேபிளைப் படியுங்க. குடியை விட்டவருக்குப் பீர் வாசனையுள்ள எதையும் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

மறுபடியும் கிராஞ்சி

அடுத்த தீபாவளிக்கு மூன்று பெரிய ஜக், ஒரு ஐஸ் பெட்டி, வீட்டு எவர்சில்வர் தம்ளர்களோடு அதே திடலுக்குப் போனோம். யாரிடமும் மதுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் தம்ளர் பானகத்தை அந்த அண்ணனிடம் நீட்டினேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "சுக்கு தூக்கலா இருக்கு தம்பி, நல்லாருக்கு" என்றார். பக்கத்தில் பீர் டின்னோடு நின்றவர், "அதென்ன, எனக்கும் ஒண்ணு ஊத்து" என்று கேட்டார். சங்குப்பூவின் நிறம் மாறியபோது எல்லோருமே கூடிவிட்டார்கள். அன்று பீர் குடித்தவர்கள் குடிக்கத்தான் செய்தார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அண்ணன் கடைசி வரை இருந்தார். நாங்கள் கிளம்பும்போது தம்ளர்களைக் கழுவிக் கொடுத்தவரும் அவர்தான். "பதினேழு மாசம் ஆச்சு" என்று மட்டும் சொன்னார்.

குழுவில் பேச

1. உங்கள் வீட்டு விருந்தில் குடிக்காதவருக்கு எதைக் கொடுக்கிறீர்கள்? அது அவரைப் பெரியவராக நடத்துகிறதா?
2. தொண்டர் படை மறியல் செய்தது, அப்பூதி அடிகள் பந்தல் வைத்தார். இன்று நமக்கு எது பொருந்தும்? இரண்டும் சேர முடியுமா?
3. "ஏன் குடிக்கலை?" என்று ஒருவரைக் கேட்பதற்கு முன் நாம் எதை யோசிக்க வேண்டும்?

செய்து பார்க்க: இந்தத் தீபாவளிக்கு மூன்றில் ஒரு பானத்தை வீட்டில் செய்யுங்கள். முதல் குவளையை, கூட்டத்தில் வெறுங்கையோடு நிற்பவரிடம் கொடுங்கள். ஸ்ட்ரா வேண்டாம்.