குகைத் தவளைக்கு ஒரு பெயர்

“தவளைக்குப் பேர் வச்சு என்னப்பா செய்யப்போற?” விலங்கியல் படிக்கும் என்னிடம் அம்மா கேட்ட கேள்வி இது. அன்று நான் விழித்தேன். இன்று விடை சொல்ல முயல்கிறேன்.

பத்துமலையின் 272 படிகளை ஏறாத தமிழர் நம் நாட்டில் சிலரே. அது ஒரு சுண்ணாம்புக் குன்று. மழைநீர் இத்தகைய பாறையைக் கரைத்துக் குகைகளையும் பிளவுகளையும் உண்டாக்குகிறது. சுற்றிலும் சமவெளி இருப்பதால், குன்றிலுள்ள சிற்றுயிர்களுக்கு அது கடல் நடுவே உள்ள தீவு போன்றது. வேறிடம் செல்ல இயலாதவை தலைமுறை தலைமுறையாகத் தனித்து மாறுபடுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். சயாம் மரண ரயில்பாதைக்காக நம் முன்னோர் கொண்டு செல்லப்பட்ட காஞ்சனபுரியை நாம் அறிவோம். அங்குள்ள சாய் யோக் பகுதியின் சுண்ணாம்புக் குகை ஒன்றில் ஒரு சிறு தவளை கிடைத்தது. அது புதிய இனம் என்று எப்படி முடிவு செய்தார்கள்?

முதலில் உடலையும் விரல்களையும் அளந்து, அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டார்கள். பின்னர் ஊடுகதிர்ப் படங்களால் எலும்புகளை ஆராய்ந்தார்கள். மரபணுவையும் சோதித்தார்கள். இனம் மட்டுமன்று, பேரினமே புதிது என்று தெரிந்தது! அதன் நெருங்கிய உறவினம் நம் தீபகற்பத்திலும் போர்னியோவிலும் வாழ்கிறது. இக்குழுவின் பெரும்பாலான இனங்கள் நியூகினித் தீவைச் சார்ந்தவை. அவற்றின் முட்டையிலிருந்து நேரே தவளைக்குஞ்சே வெளிவரும். இதற்கோ தலைப்பிரட்டைப் பருவம் உண்டு. குழுவின் வரலாற்றையே மீண்டும் சிந்திக்க வைத்த செய்தி இது.

2018இல் தாய்லாந்து, ரஷ்ய ஆய்வாளர்கள் விளக்கக் கட்டுரை வெளியிட்டு, ‘சியாமோஃப்ரைன் ட்ரோக்ளோடைடஸ்’ என்று பெயரிட்டனர். பின்பாதிக்குக் ‘குகைவாழி’ என்று பொருள். பெயருக்குச் சான்றாக ஒரு தவளை ‘ஹோலோடைப்’ என்ற மூலமாதிரியாகப் பாதுகாக்கப்படுகிறது. நாளை யார் ஐயுற்றாலும் அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்போது அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். பகாங்கின் புக்கிட் பஞ்சிங் குன்று, கல்லுடைப்பால் தரைமட்டமானது. அங்கு மட்டுமே வாழ்ந்த ஒரு நுண்ணிய நத்தையும் அதோடு அழிந்தது. அதற்கு முன்பே பெயரிட்டிருந்ததால்தான் அந்த இழப்பு நமக்குத் தெரிந்தது. பெயர் பெறாமலே போனவை எத்தனையோ?

பெயர் இல்லாத உயிருக்காக யாரும் வழக்காட முடியாது, அம்மா. அதற்காகத்தான் பெயர் வைக்கிறோம்.