தாள்பொதியில் வேகும் மீன்

மீனைப் பொரித்தால்தான் ருசி என்பது நம் வீடுகளில் அசையாத நம்பிக்கை. ஆனால் எண்ணெயைக் குறைக்கும்படி வைத்தியர் சொன்ன மூத்தம்மாவுக்கோ வாப்பாவுக்கோ அன்று முதல் சப்பென்ற அவித்த மீன் தனியாக வருகிறது. ஒரே ஸஹனில் சேர்ந்து சாப்பிட்டவர்களுக்கு அது பெரிய தண்டனை. எல்லோருக்கும் பொதுவாகச் சமைக்கக்கூடிய வழியொன்று பிரெஞ்சுச் சமையலில் உண்டு. மீனையும் மரக்கறியையும் பேக்கிங் தாளில் பொதிந்து ஒவனில் வேகவைப்பார்கள். 'பாப்பியோத்' என்பது அதன் பெயர்.

ஒவன் 200 பாகை செல்சியசில் இருந்தாலும், பொதிக்குள் ஈரம் உள்ளவரை வெப்பநிலை ஏறத்தாழ 100 பாகையைத் தாண்டாது. மீனிலும் தக்காளியிலும் உள்ள நீரே ஆவியாகிப் பொதியை ஊதச் செய்கிறது. அந்த ஆவி மீன்மேல் ஒடுங்கும்போது தன் மறைவெப்பத்தைக் கொடுக்கிறது. பௌதிகவியலில் நாம் செய்யும் கணக்குத்தான்: ஒரு கிராம் கொதிநீராவி நீராகும்போது சுமார் 2,260 யூல் வெளிவரும், ஒரு கிராம் நீர் ஒரு பாகை குளிர்ந்தால் 4.2 யூல் மட்டுமே. எண்ணெயில்லாமலே மீன் விரைவாக வேகும் காரணம் இதுதான். வெந்த பொதியைத் திறக்கும்போது முகத்தை விலக்கி, எதிர்ப்பக்க மடிப்பை முதலில் பிரிக்கச் சொல்வதும் இதனால்தான்.

கறியில் சத்தெல்லாம் வீணாகிறது என்று சிலர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நீரில் கரையும் விற்றமின்களில் ஒரு பங்கு ஆணத்துக்குள் போகிறது. அந்த ஆணத்தையும் நாம் சோற்றில் ஊற்றிக்கொள்கிறோம். பொதியின் இலாபம் எண்ணெயில்தான்.

இதிலுள்ள சிக்கல், இடையில் திறந்து பார்க்க முடியாது என்பது. இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பான பாரை அல்லது அறக்குளாத் துண்டு 15 நிமிடமளவில் வெந்துவிடும். அதற்குள் தடித்த கரட் வேகாது. உருளைக்கிழங்கு பச்சையாகவே கிடக்கும். ஆகவே கரட்டையும் போஞ்சியையும் தீக்குச்சியளவு மெல்லிதாக வெட்டி அடியில் பரப்புங்கள். அதன்மேல் தக்காளி, பிறகு மீன், இஞ்சி, மிளகு, தேசிக்காய்ச்சாறு. விளிம்பைச் சிறு சிறு மடிப்புகளாக இறுக்கி வாருங்கள். ஒன்று நெகிழ்ந்தாலும் ஆவி போய்விடும். சதை இதழிதழாகப் பிரிந்தால் வெந்துவிட்டது. பொரியலின் பொன்னிறத்தை மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். ஈரத்தில் அது வராது.

தாளில் கவனம் வேண்டும். பெட்டியில் குறித்துள்ள வெப்ப எல்லையைப் பாருங்கள். மெழுகுத்தாளில் மெழுகு உருகும். சோறு கட்டும் லஞ்ச் சீற் பொலித்தீன். அதை ஒவனுக்குக் கிட்டவும் கொண்டுபோகக் கூடாது.

ஒவன் இல்லாவிட்டால் வாழையிலை போதும். லம்பிரைசுக்குச் செய்வதுபோல் இலையை அனலில் வாட்டிப் பொதிந்து, தோசைக்கல்லில் மூடிவைத்து, மெல்லிய நெருப்பில் ஒருமுறை திருப்பிவிடுங்கள். வெளி இலை கொஞ்சம் கருகும். உள்ளே மீனுக்கு அதன் வாசம் ஏறும்.

— உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவி