போனக்காட்டுக்குத் திட்டத்தோடு வர வேண்டாம்

பள்ளிப் படிப்பு முடிந்து பல்கலைக்கழகம் தொடங்குமுன் ஓர் ஆண்டை மற்றவர்களுக்குப் பயன்படும்படி கழிக்க வேண்டும் என்று நினைக்கும் பிள்ளைகள் லண்டனிலும் டொரண்டோவிலும் உள்ள தமிழ் வீடுகளில் பெருகிவருகிறார்கள். கேப் இயர் என்று அவர்கள் சொல்லும் அந்த ஆண்டில், ஏஜென்சிக்குப் பணம் கட்டாமல், தாங்களே ஓர் ஊரைத் தேர்ந்து, தாங்களே ஒரு வேலையை வகுத்துக்கொண்டு செய்ய ஆசைப்படுகிறார்கள். மதிக்க வேண்டிய ஆசை. ஆனால் அந்த ஆசை போய் இறங்குகிற ஊரில் ஏற்கெனவே மனிதர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு வரலாறும் வழக்கும் உண்டு. போனக்காட்டை வைத்து இதைச் சொன்னால் தெளிவாகப் புரியும்.

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறினால் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தின் ஓரத்தில் போனக்காடு வருகிறது. 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு நடந்து போகிறவர்கள் இங்கிருந்துதான் புறப்படுகிறார்கள். வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம் இது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே தள்ளாடி, பிறகு நின்றுபோனது. ஃபாக்டரி பாழாகி நிற்கிறது. லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் இருக்கின்றன. கூலி பாக்கியும் கிராஜுவிட்டியும் அவர்களுக்கு வர வேண்டியவை. இடிந்த சுவரையும் பாசி படிந்த ஓட்டையும் பார்க்கிற இளைஞருக்குக் கை துறுதுறுக்கும். அந்த நேரத்துக்காகவே இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

முதல் சில மாதங்கள் திட்டம் எதுவும் இல்லாமல் இருங்கள். இதற்கு லாரி பேக்கரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. பர்மிங்காமில் 1917இல் பிறந்து கட்டடக்கலை படித்தவர், தொழுநோயாளிகளுக்கான கட்டட வேலைக்காக 1945இல் இந்தியா வந்தார். தம் மருத்துவர் மனைவி எலிசபெத்தோடு இமயமலை அடிவாரத்தில், பித்தோராகட் பக்கம், பதினாறு ஆண்டுகள் இருந்தார். படித்துவிட்டு வந்த கட்டடக்கலை அங்கே உதவவில்லை. மலைக்காரர்கள் கல்லாலும் மண்ணாலும் கட்டிய வீடுகள் அந்தக் குளிருக்கும் மழைக்கும் எவ்வளவு பொருத்தம் என்று பார்த்து, அவர்களிடமே கற்றுக்கொண்டார். பிறகு கேரளத்துக்கு வந்து திருவனந்தபுரத்தில் குடியேறி, செங்கல்லையும் சுண்ணாம்பையும் வைத்து ஏழைக்கும் கட்டுப்படியாகும் வீடுகளைக் கட்டிய பேக்கர், அந்த மலை வருஷங்களில் உருவானவர். உங்களிடம் பதினாறு ஆண்டுகள் இல்லை, பன்னிரண்டு மாதங்கள்தான். அதில் மூன்று மாதம் கேட்பதற்குப் போனால் நஷ்டமில்லை.

பஞ்சாயத்தை முதலில் பாருங்கள். போனக்காடு விதுரா கிராமப் பஞ்சாயத்துக்கு உட்பட்டது. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியதிலிருந்து ஊராட்சிகளுக்கென்று பணமும் ஆண்டுத் திட்டமும் உண்டு. கிராமசபை கூடும்போது ஓரமாக உட்கார்ந்து கேளுங்கள். 1998இல் தொடங்கிய பெண்கள் அமைப்பான குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்கள் வார்டு வார்டாக இயங்குகின்றன. எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று அந்தப் பெண்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. நூலகம் அமைக்க ஆசை வந்தால், 1945இல் பி. என். பணிக்கர் தொடங்கிவைத்த நூலக இயக்கம் இந்த மாநிலத்தில் ஊர்தோறும் வேர்விட்டிருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வாசகசாலையில் ஒரு தமிழ் அலமாரி கேட்டு வாங்கினால் நீங்கள் போன பிறகும் அது இருக்கும். உங்கள் பெயரில் திறந்த புது நூலகம் அடுத்த மழைக்குள் பூட்டிக்கிடக்கும்.

இந்த வேலை யாருடைய கடமை என்று கேளுங்கள். பட்டியலில் எனக்கு மிக முக்கியமானது இதுதான். தோட்டத் தொழிலாளிக்கு வீடும் மருத்துவமும் தருவது முதலாளியின் பொறுப்பு என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. பணிக்கொடையான கிராஜுவிட்டியை 1972ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையாக்கியது. நீங்கள் நண்பர்களோடு வந்து லயத்துக்கு வண்ணம் அடித்துப் படம் எடுத்தால், கொடுக்க வேண்டியவர்கள் கொடுக்காமல் விட்ட ஒன்றை அழகாக மூடிவிட்டுப் போகிறீர்கள். அதே ஒரு வாரத்தில், வயதான ஒரு தொழிலாளியின் வேலைச் சான்று, பிராவிடண்ட் ஃபண்ட் சீட்டு, ஆதாரில் ஒரு மாதிரியும் பழைய ரெஜிஸ்டரில் ஒரு மாதிரியும் எழுதியிருக்கும் பெயர் ஆகியவற்றைச் சேகரித்து, நகல் எடுத்து, தொழிற்சங்கத்திடமோ சட்டப்பணிகள் ஆணையத்திடமோ கொண்டுபோக உதவினால், அது அவருடைய போராட்டத்துக்குக் கை கொடுப்பதாகும். பார்க்கச் சின்ன வேலை, படத்தில் எடுப்பாகத் தெரியாது. அலுவலகக் காகிதம் மலையாளத்தில், வீட்டுப் பேச்சு தமிழில். இரண்டுக்கும் நடுவே பொறுமையாக உட்கார ஓர் ஆள் எப்போதும் தேவைப்படுகிறார்.

ஆகவே வரும் முன்பே மலையாள எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தமிழ் தெரிந்தவருக்கு அது சில வாரங்களில் பிடிபடும்.

விசாவை ஒழுங்காக எடுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சுற்றுலா இ-விசாவில் வந்து சம்பளமில்லாத தொண்டு செய்ய அதிகபட்சம் ஒரு மாதம்தான் இடமுண்டு. அதற்கு மேல் என்றால் பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஒன்றின் பெயரில், அதற்குரிய விசா வேண்டும். இந்திய வழியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் ஆராய்ச்சி, பத்திரிகைப் பணி, மதப் பரப்புரை ஆகியவற்றுக்கு அவர்களும் தனி அனுமதி வாங்க வேண்டும். இந்திய வழி முன்னோர் இல்லாத ஈழத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஓசிஐ கிடைக்காது என்பதால், அவர்கள் விசாவையே நம்பித் திட்டமிட வேண்டும். இன்னொன்று: வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசின் கணினிப் படிவத்தில் தகவல் கொடுத்தாக வேண்டும். லயத்துப் பாட்டி அன்பாகக் கூப்பிடுவார். அவரை அந்தக் கணினிப் படிவத்தில் மாட்டிவிடாமல் விதுராவிலோ நெடுமங்காட்டிலோ பதிவுபெற்ற இடத்தில் தங்கி, காலையில் பஸ் ஏறி வாருங்கள்.

லயத்தில் சாப்பிட்டால் பணம் கொடுங்கள். கையில் வாங்க மறுத்தால் அரிசியாக, எண்ணெயாக வாங்கிக் கொடுங்கள். பெரியவர்களை அண்ணே, அக்கா, பாட்டி, தாத்தா என்றே கூப்பிடுங்கள்.

ஈரத்தில் நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் கேரளத்தில் நிஜமான ஆபத்து. மழைக்காலத்துக்கு முன் சுகாதார நிலையத்தில் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். அரசின் திசா மருத்துவ உதவி எண் 1056ஐக் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், மலையில் சிக்னலை நம்ப முடியாது. அட்டைப்பூச்சிக்கு உப்பு போதும்.

திட்டம் வகுப்பதையே முறையாகக் கற்க விரும்பினால், திருவனந்தபுரத்தின் வெள்ளாயணி ஏரிக்கரையில் உள்ள காந்தாரி நிறுவனத்தைப் போய்ப் பாருங்கள். பார்வையற்ற ஜெர்மானியப் பெண்ணான சப்ரியே டென்பர்கன், திபெத்திய மொழிக்கு பிரெய்ல் உருவாக்கி, லாசாவில் 1998இல் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். அவரும் பால் குரோனன்பெர்க்கும் சேர்ந்து நடத்தும் இடம் இது. பல நாடுகளிலிருந்து வந்து பயில்கிறவர்கள், தாங்களே அனுபவித்த ஒரு துன்பத்திலிருந்து தங்கள் வேலையைத் தொடங்குகிறார்கள். அந்த வேலையைத் தங்கள் மண்ணுக்கே திரும்பிப் போய்ச் செய்கிறார்கள். வெளியூரில் திட்டம் போட வருகிறவர் இதை ஒரு முறையாவது யோசிக்க வேண்டும்.

செய்யக்கூடாதவை

இணையத்தில் நிதி திரட்டி ஊர் மன்றத்தின் கணக்குக்கு அனுப்பக்கூடாது. வெளிநாட்டுக் குடிமகன் தரும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும், ஓசிஐ அட்டை இருந்தாலும்தான். 2010இல் வந்து 2020இல் மேலும் கடுமையாக்கப்பட்ட இந்தச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம் அதை வாங்கினால் குற்றம். பதிவுள்ளவர்களும் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வாங்க முடியும். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். விசாரணைக்குப் போகிறவர் அந்த மன்றத்தின் செயலாளர்.

இந்த மலையின் பழங்குடிகளான காணி மக்களின் மருந்தறிவைக் குறிப்பெடுத்து வெளியிடக்கூடாது. இந்த மலையில் இதற்கு ஒரு பெரிய முன்கதை இருக்கிறது. 1987இல் புஷ்பாங்கதன் தலைமையில் அகத்திய மலைக்கு வந்த அறிவியலாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணிகள் ஒரு செடியின் காயைத் தின்றபடி சோர்வில்லாமல் நடப்பதைக் கண்டார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தை உருவாக்கி, கோவை ஆரிய வைத்தியப் பார்மசிக்கு உரிமம் கொடுத்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென்று ஓர் அறக்கட்டளை பதிவானது. உலகமே எடுத்துக்காட்டாகப் பேசிய ஏற்பாடு. அதிலும்கூட எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் கேட்கவில்லை என்ற மனக்குறை எழுந்தது. அரசு நிறுவனமே இவ்வளவு கவனமாகச் செய்த இடத்தில், காட்டுப் பாதையில் யாரோ அன்பாகச் சொன்ன ஒரு பச்சிலையை நீங்கள் படம் எடுத்து உலகுக்குப் போட உரிமை எங்கிருந்து வரும்? சட்டமும் இதையே சொல்கிறது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டப்படி, உயிர்வளத்தையும் அதைச் சார்ந்த அறிவையும் ஆராய்ச்சிக்கு எடுக்க வெளிநாட்டவர்கள் சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும்.

பேய் பங்களா வீடியோ எடுக்கக்கூடாது. தோட்டத்துப் பழைய பங்களாவைச் சுற்றி அப்படி ஒரு கதை இணையத்தில் பரவிக்கிடக்கிறது. இரவில் கேமராவோடு ஏறி வருகிறவர்களுக்கு அது விளையாட்டு. விடிந்தால் வேலைக்கு ஓட வேண்டிய குடும்பங்கள் பக்கத்தில் தூங்குகின்றன. கூலி கிடைக்காத ஓர் ஊர் பேயால் பேர் பெறுவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. சோதனைச் சாவடி சுற்றுலாப் பயணிக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான். யானை நடமாடும் வழிகளை ஊர்க்காரர்கள் சொல்வார்கள், கேட்டு நடங்கள்.

இங்குள்ள குரிசுமலையின் சிலுவைகளைப் பற்றி 2017, 2018இல் வனத்துறைக்கும் கிறிஸ்தவ விசுவாசிகளுக்கும் இடையே நடந்த மோதலில் பக்கம் எடுத்துப் பேசக்கூடாது. இரு தரப்பிலும் நாளைக்கும் இதே ஊரில் வாழ வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

பிள்ளைகளை உங்கள் பாசத்துக்குப் பழக்கிவிட்டுப் போகக்கூடாது. சில மாதம் தினமும் பாடம் சொல்லித்தந்துவிட்டு மறைகிறவரைப் பிள்ளைகள் வெகுநாள் தேடும். பாடம் சொல்லித்தர வேண்டுமானால் அங்கன்வாடி டீச்சருக்கோ, ஊரில் கல்லூரி படிக்கும் அக்காவுக்கோ துணையாக இருந்து, வகுப்பு அவர் வகுப்பாகவே நடக்க விடுங்கள். பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு குழந்தையின் படமும் வெளியே போகக்கூடாது. சம்மதம் இருந்தாலும் வறுமையைக் காட்டும் படமாக இருக்கக்கூடாது.

கிளம்பும் தேதியைக் கடைசி வாரத்தில் சொல்லக்கூடாது. வந்த அன்றே சொல்லுங்கள். கடைசி இரண்டு மாதம் புது வேலை எதையும் தொடங்காமல், செய்துகொண்டிருப்பதை ஊர்க்காரர் ஒருவரிடம் கொடுத்து, அவர் செய்வதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். சேகரித்த நகல்கள் அந்தந்த வீட்டுக்கே போகட்டும், உங்கள் லேப்டாப்பில் உள்ளவற்றை அவர்கள் முன்னாலேயே அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பு, அலமாரிச் சாவி, கடையில் நிற்கும் கணக்கு எல்லாம் வேறு கைக்கு மாறிய பிறகு டிக்கெட்டை உறுதி செய்யுங்கள்.