அண்மையில் இருந்தும் மங்கிய விண்மீன்



மே, ஜூன் மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில் பெற்றோருடன் தெற்கு வானத்தை நோக்குங்கள். நகரத்து விளக்கொளி குறைந்த தோட்டப்புறம் இதற்கு மிக ஏற்றது. நான்கு விண்மீன்கள் அமைந்த தென்சிலுவையும், அதன் இடப்புறம் ஒளிமிக்க இரு விண்மீன்களும் தோன்றும். அவ்விரண்டில் சிலுவைக்குத் தள்ளி இருப்பது ஆல்பா சென்டாரி. அதன் பக்கத்தில், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத விண்மீன் ஒன்று உண்டு. அதன் பெயர் பிராக்சிமா. கதிரவனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீன் அதுவே!

அண்மையில் இருந்தும் அது மங்கித் தோன்றுவது ஏன்? அதன் குறுக்களவு கதிரவனுடையதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கே, வெப்பமும் குறைவு. ஆதலால் தொலைநோக்காடி இன்றி அதனைக் காண இயலாது.

தென்னாப்பிரிக்காவின் ஜொகானஸ்பர்க் நகரில் ராபர்ட் இன்னஸ் என்னும் வானியலறிஞர் 1915-ஆம் ஆண்டில் இதனைக் கண்டுபிடித்தார். ஐந்தாண்டு இடைவெளியில் எடுத்த நிழற்படங்களை ஒப்பிட்டபோது, ஒரு மங்கிய புள்ளி ஆல்பா சென்டாரியைப் போலவே சிறிது நகர்ந்திருப்பதை அவர் கண்டார்.

அதன் தொலைவு 4.24 ஒளியாண்டுகள். நீங்கள் முதலாம் ஆண்டில் சேர்ந்த நாளில் அங்கிருந்து புறப்பட்ட ஒளி, நீங்கள் ஐந்தாம் ஆண்டில் பயிலும்போதுதான் இங்கு வந்து சேரும்.

மங்கியவை யாவும் தொலைவில் உள்ளவை அல்ல. ஒருமுறை பார்த்து முடிவு செய்யாமல், மீண்டும் நோக்கி ஒப்பிட்டு ஆராய்வதே அறிவியல்.